எட்டு மணிச் சங்குக்கு எழும்பியவள்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கழுத்து கீழேதான் வளைகிறது. பூந்தமல்லியில் பஸ் பிடித்து நசரத்பேட்டையில் இறங்குகிறவர்கள் செருப்பைப் பார்க்கிறார்கள், அடுத்தவன் என்ன வாங்கிக்கொண்டு போகிறான் என்று அவன் பையைப் பார்க்கிறார்கள், சுவரில் ஒட்டிய போஸ்டரைப் பார்க்கிறார்கள். அண்ணாந்து பார்க்க ஒருத்தருக்கும் பொழுதில்லை. இந்த ஊர் வேதக்கோயில் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே சாராள் என்கிற பெண்பிள்ளை ஒன்பது வருஷமும் எட்டு மாதமும் ஆகாயத்தில் நின்றாள் என்று சொன்னால், சினிமா எடுத்தார்களா என்று கேட்கிறார்கள். சினிமாவும் இல்லை, சர்க்கஸும் இல்லை. நின்றாள், அவ்வளவுதான். அவளை மேலே ஏற்றியது அவள் புருஷன் வேதமுத்து. வேண்டுமென்று செய்யவில்லை, கம்பெனி வேலையாகச் செய்தார்.

வேதமுத்து மூன்றாம் வகுப்போடு நின்றவர். திருமழிசைப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்றுமுடி சுமந்து வளர்ந்தவர். யாரையும் நம்பமாட்டார். கடுதாசி வந்தால் தபால்காரரையே படிக்கச் சொல்லிக் கேட்பார். பிறகு டீக்கடையில் இன்னொருவரிடம் கொடுத்து, இரண்டு பேரும் ஒன்றையே படிக்கிறார்களா என்று பார்ப்பார். சாராளைக் கட்டிப் பதினெட்டு வருஷம் பிள்ளை இல்லை. அறுபத்திரண்டாம் வருஷம் டிசம்பர் இருபத்தைந்து, கோயிலில் பண்டிகை ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. ஜெயபால் என்று பேர் வைத்தார்கள். பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா கண்ணேறு படக்கூடாது என்று கறுப்புமணியை நூலில் கோத்துப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவிட்டுப் போனாள்.

சபையில் வருஷா வருஷம் குடில் போட்டு, சிறுபிள்ளைகளை மேய்ப்பர், சாஸ்திரி என்று வேஷம் கட்டி நிறுத்தி, தொட்டிலில் ஒரு பொம்மையைக் கிடத்துவார்கள். அந்த வருஷம் புதுவருஷத்தன்று மத்தியானம் நாடகம். பண்டிகையன்றே பிறந்த பிள்ளை இருக்கும்போது பொம்மை எதற்கு என்று போதகர் தேவாசீரின் சம்சாரத்துக்குத் தோன்றியது. பதினெட்டு வருஷம் எல்லா வீட்டுத் தொட்டிலையும் வாசலில் நின்று பார்த்தவள் சாராள். எட்டு நாள் உடம்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "பொம்ம கீதே, அத்த வெக்கிறது. எம்புள்ள இன்னாத்துக்கு?" என்று வேதமுத்து வாசலை மறித்தார். அவள் கேட்கவில்லை. ஆண்டவர் கையில் கறுப்புமணி இருக்குமா, அவிழ்த்துவிடு என்று போதகர் சம்சாரம் சொன்னாள்; சாராள் அதை அவிழ்க்காமல் துணிக்குள் தள்ளிவிட்டாள். பிள்ளை வைக்கோலில் ஒரு மணிநேரம் அழாமல் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இருமல். ஆறாம் தேதி காலையில் போய்விட்டது. பன்னிரண்டு நாள்.

அடக்கம் பண்ணப் போதகர் அங்கியோடு வந்து நின்றபோது வேதமுத்து எல்லோருக்கும் கேட்கும்படி, "சாமி வேசம் கட்னீங்க, சாமியாண்டயே அனுப்பிட்டீங்க. திருப்தியா?" என்று கேட்டார். அதன் பிறகு கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. சாராளுக்கோ அன்றைக்குக் குழிமேட்டில் போதகர் சொன்னதுதான் பிடி. ஆண்டவர் திரும்பி வரும் நாளில் எக்காளம் தொனிக்கும், மண்ணுக்குள் தூங்குகிறவர்கள் முதலில் எழும்புவார்கள், பிறகு உயிரோடு இருக்கிறவர்கள் எழும்புவார்கள், எல்லோரும் நடு ஆகாயத்தில் அவரைச் சந்திப்பார்கள் என்று அவர் சொன்னார். எத்தனையோ குழியில் சொன்னதையே அங்கேயும் சொன்னார். சாராள் அதைப் பஸ் வரும் நேரத்தைக் கேட்டுக்கொள்கிறவளைப்போலக் கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டு நாள் பிள்ளை, தனியாக எழும்பினால் யார் தூக்குவார்கள், தலை நிற்காதே என்பது அவள் கவலை. தினமும் காலையில் துடைப்பமும் செம்புத் தண்ணீருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் அந்தச் சின்ன மேட்டைப் பெருக்கிவிட்டுக் கொஞ்சநேரம் நிற்பாள். மூன்று வருஷம் அப்படிப் போனது.

அறுபத்தாறில் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், நெல் விளைந்த பதினோரு காணியை மண்ணடித்து மேடாக்கி, சைக்கிள் சாமான் செய்கிற கம்பெனி ஒன்று வந்தது. வேதமுத்து வாட்ச்மேன் ஆனார். யாரையும் நம்பாதவன் வாசலுக்கு நல்லது என்று மேனேஜர் நினைத்திருப்பார். காக்கிச் சட்டை கொடுத்து, ஒரு பெட்டியில் இருந்த கைப்பிடியைக் காட்டி, இதுதான் சங்கு, எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் ஐந்துக்கும் ஒரு நிமிஷம் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றார்கள். அந்த வட்டாரத்தில் அதுவரை அப்படி ஒரு சத்தம் கிடையாது. அம்பத்தூரில் இருந்தது, ஆவடியில் இருந்தது, நசரத்பேட்டைக்குக் கேட்காது. ஈஸ்டர் முடிந்து எட்டாம் நாள், ஏப்ரல் பதினெட்டு, திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு வேதமுத்து கைப்பிடியை இழுத்தார். திறப்பு விழா என்பதால் மூன்று நிமிஷம் இழுக்கச் சொன்னார்கள். மாடுகள் முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. வானகரம்வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அப்போது இரண்டே பேர். ஒருவர் குழி வெட்டுகிற துலுக்கானம். சங்கு ஊத ஆரம்பித்ததும் சாராள் பெருக்குவதை நிறுத்திவிட்டு, மாராப்பை இழுத்துச் செருகி, அவசர அவசரமாக மேட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள் என்றும், அப்படியே கால் தரையை விட்டது என்றும் அவர் சொன்னார். முதலில் முழங்கால் உயரம். பிறகு சுற்றுச்சுவர் உயரம்.

"இன்னாக்கா, தொடப்பத்தையும் எத்துகினு கெளம்பிட்ட?" என்று துலுக்கானம் கேட்டார். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"எக்காளம்யா, எக்காளம்! புள்ளையத் தூக்கு! குழி தொறக்குதா பாரு!" என்று அவள் மேலிருந்து கத்தினாள்.

குழி திறக்கவில்லை. எந்தக் குழியும் திறக்கவில்லை. தென்னைமர உயரம் போனதும் சாராள் குனிந்து பார்த்தாள். மேடு அப்படியே இருந்தது. அவள் பெருக்கிய கோடுகூடக் கலையாமல் இருந்தது. அந்த இடத்தில் நின்றுவிட்டாள். சங்கும் ஓய்ந்தது.

வேதமுத்துவுக்கு ஆள் அனுப்பினார்கள். காக்கிச் சட்டையோடு வந்தவர் சபைக்காரர்கள் ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று அங்கிருந்த மூன்று தென்னைமரத்தையும் சுற்றிப் பார்த்தார். கயிறு இல்லை என்று தெரிந்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து, "எறங்குமே. அது நான் ஊதின சங்கு. கம்பெனி சங்கு" என்றார்.

"யாரு ஊதினா இன்னா? தூக்கிச்சே" என்றாள் சாராள்.

"தூக்கிச்சுன்னா எறங்கு."

"எறங்க வழி தெரியலய்யா."

அன்று சாயங்காலம் ஷிப்டு விட்டு வந்த ஆட்களை, பிற்பாடு யூனியன் தலைவரான கன்னியப்பன் கூட்டிக்கொண்டு வந்தார். சாமி இல்லை என்கிற கட்சி அவர்; ஆனால் பக்கத்துத் தெரு. கிணற்றுக் கயிற்றை வீசி, அவள் இடுப்பில் கட்டிக்கொண்டதும் பத்துப் பேர் சேர்ந்து இழுத்தார்கள். நட்ட கம்பத்தை இழுத்த மாதிரி இருந்தது. சாராளின் இடுப்பில் தோல் உரிந்ததுதான் மிச்சம். கயிறு அவளிடமே இருக்கட்டும் என்று விட்டார்கள். அந்தக் கயிற்றில்தான் அன்றிலிருந்து சோறு போனது, தண்ணீர் போனது, ஒரு குடை போனது, சீப்பு போனது, மாற்றுப் புடவை போனது. மற்ற உபாதை எல்லாம் மேலே வந்ததும் நின்றுபோனது என்று பொன்னியம்மா கேட்டதற்கு அவளே சொன்னாள். ஆகவே அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்.

போதகர் தேவாசீர் இரண்டு வாரம் யோசித்தார். சரியான எக்காளத்துக்கு எழும்பினவர்களைப் பற்றி அவருக்குத் தெரியும், எழும்பாதவர்களைப் பற்றியும் தெரியும். தப்பான சத்தத்துக்கு எழும்பி, பாதியில் நிற்கிறவளைப் பற்றி அவர் படித்ததில் எங்கேயும் இல்லை. மேலிடத்துக்கு எழுதிப் போட்டார், பதில் இல்லை. நற்கருணை அப்பத்தை வெள்ளைத்துணியில் முடிந்து மாதம் ஒரு முறை கயிற்றில் அனுப்பிவைத்தார். முதல் வருஷம் அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு ஜனம் வந்தது. ஒரு ஜெபக்கூட்டத்தார் நாற்பது பேர் வெள்ளை உடுத்தி மூன்று நாள் எட்டு மணிச் சங்குக்குக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் மட்டும் செருப்பு கழன்று ஒரு விரற்கடை எழும்பினார்; பெண்டாட்டி சட்டையைப் பிடித்து இழுத்ததும் இறங்கிவிட்டார். இரண்டாம் வருஷம் கூட்டம் குறைந்தது. மூன்றாம் வருஷம் பிணத்தோடு வருகிறவர்கள் மட்டும் வந்தார்கள். அவர்களும் வெயிலுக்கு அவள் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நின்றார்கள்.

மற்றவர்கள் கவனிக்காத ஒன்றை வேதமுத்து முதல் மாதத்திலேயே கவனித்துவிட்டார். நின்றவள் நின்றபடி இல்லை. முழு நிமிஷம் சங்கு ஊதினால் சாராள் ஒரு விரற்கடை மேலே போனாள். தென்னை மட்டையோடு வைத்துப் பார்த்தார், கோயில் கூரையோடு வைத்துப் பார்த்தார், சந்தேகமில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை அவர் கையாலேயே அவளைத் தூரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிடலாம் என்று காக்கிச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு மேனேஜர் அறை வாசல்வரை போனார். தான் போனால் இன்னொருத்தன் வந்து முழு நிமிஷம் ஊதுவான் என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. திரும்பி வந்தார். மறுநாள் முதல் சங்கை இருபது நொடியில் நிறுத்தினார். இருபது நொடிக்கு அவள் ஒரு நெல் அகலம்தான் ஏறினாள்.

இதற்காக அவர் பட்டது கொஞ்சமில்லை. சங்கு ஓய்ந்ததும் கேட்டைச் சாத்த வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நிமிஷக் கணக்கில் ஓடிவந்து பழகியவர்கள் கேட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு, "இன்னா நைனா, உனுக்கு மூச்சு அவ்ளோதானா? சங்கு இருமிட்டு நின்னுடுது" என்று ஏசினார்கள். மேனேஜர் மெமோ கொடுத்தார். வேதமுத்து அதை இரண்டு பேரிடம் படிக்கக் கொடுத்து, இரண்டும் ஒன்றாக இருந்ததால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்; சங்கு மட்டும் இருபது நொடிக்கு மேல் ஊதவில்லை. கைப்பிடியில் கோளாறு என்றார். ரிப்பேர்க்காரன் வந்து கோளாறு இல்லை என்றதும், தன் தோளில் கோளாறு என்றார். எழுபதில் வேலைநிறுத்தம் நடந்தபோது கன்னியப்பன் கோரிக்கைப் பட்டியலில் பதினான்காவதாகச் சங்கை எடுத்துவிட்டு மணி வைக்க வேண்டும் என்று எழுதினார். பத்தொன்பது நாள் சங்கு ஊதவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் வேதமுத்து கல்லறைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் முதல் பதின்மூன்றுக்குச் சம்மதம் ஆகிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "மன்னிச்சுக்க அண்ணாத்தே, பொண்டாட்டி வானத்துல கீறான்னு சொன்னா லேபர் ஆபீசுல சிரிக்கிறானுங்க" என்றார் கன்னியப்பன்.

தினம் வேலைக்குப் போகுமுன் வேதமுத்து அங்கே வருவார். கயிறு இறங்கும். தூக்குச்சட்டியைக் கட்டிவிடுவார். அது மேலே போய்ச் சேர்ந்ததும் அவள், "குழி தொறந்துச்சா பாருய்யா" என்பாள். அவர் மேட்டருகே போய்க் குனிந்து பார்ப்பார். அது எப்படித் திறக்கும் என்று அவருக்குத் தோன்றும். ஆனாலும் பார்க்காமல் ஒருநாளும் சொன்னதில்லை. "இல்லமே" என்பார். இந்த ஒரு கேள்விக்கும் ஒரு பதிலுக்குமாக வருஷங்கள் ஓடின. தேர்தல் வந்தது, விரலில் மை வைக்க ஏணி எட்டவில்லை என்று விட்டுவிட்டார்கள். ரேஷன் அட்டையில் அவள் பேர் இருக்கலாமா என்று வந்து பார்த்த அதிகாரி, பஞ்சாயத்து எல்லைக்கு நேர் மேலே இருப்பதால் இருக்கலாம் என்று எழுதிவிட்டுப் போனார். சாராளுக்குத் தலை நரைத்தது. முகம் வெயிலில் கறுத்துக் கருவாடாக ஆனது. ஒரு மழைக்காலத்தில் அவள் அழுவது கேட்டது. மழையில் அவள் கண்ணீர் எது என்று தெரியாமல் கீழே நின்று வேதமுத்து மொத்தமாக நனைந்தார்.

ஒருநாள் அவர் பொறுக்கமாட்டாமல், "இன்னாதான்மே உன் முடிவு?" என்று கத்தினார்.

சாராள் நிதானமாகச் சொன்னாள். "அவன் மேல போயிட்டான்னு தெரிஞ்சா நானும் போயிடுவேன். அவன் எப்பவும் அந்த மண்ணுலதான் கெடப்பான்னு தெரிஞ்சா எறங்கிடுவேன். ரெண்டும் தெரில. நிக்கிறேன்."

எழுபத்தைந்து ஏப்ரலில் ஐம்பத்தெட்டு வயசு ஆகிவிட்டது என்று மாலை போட்டு வேதமுத்துவை வீட்டுக்கு அனுப்பினார்கள். புது வாட்ச்மேன் சின்னசாமி, ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அறுபது நொடி முழுசாக ஊதினார். வேதமுத்து அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். சின்னசாமி அனுதாபத்தோடு கேட்டுவிட்டு, "பெரியவரே, ட்யூட்டின்னா ட்யூட்டி" என்றார். மாதம் ஒரு ஆள் உயரம் சாராள் ஏற ஆரம்பித்தாள். கயிற்றோடு கயிறு முடிந்தார்கள். தீபாவளி வருவதற்குள் அவள் குரல் காற்றில்லாத நேரத்தில்தான் கேட்டது. நவம்பரில் அதுவும் பாதி பாதியாக வந்தது. குழியைப் பற்றிக் கேட்கிறாள் என்று வேதமுத்து அவராகவே நினைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டி இல்லை என்று காட்டுவார். வைகாசி வந்தால் கையாட்டுவதும் தெரியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

டிசம்பர் இருபத்தைந்து கம்பெனி லீவு. சங்கு இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் பிரியாணிக்குப் போய்விட்ட பிறகு, வெயில் உச்சியில் இருக்கும்போது, வேதமுத்து மண்வெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். துலுக்கானம் வேப்பமரத்தடியில் படுத்திருந்தார்.

"இன்னா பெரீவரே இது?"

"எலும்ப எடுத்து அவளுக்குக் காட்டப் போறேன். கண்ணால பாத்தா எறங்கிடுவா. அவளே சொல்லிக்கீறா."

"பாவம்யா."

"யாருக்கு?" என்று கேட்டுவிட்டு வேதமுத்து வெட்ட ஆரம்பித்தார். ஐம்பத்தெட்டு வயசு, மூன்றடிக் குழி. இரண்டாவது அடியில் மூச்சு வாங்கியது. துலுக்கானம் எழுந்து வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். மேலே சாராள் குடையை மடித்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்; அவ்வளவு உயரத்திலும் அது தெரிந்தது.

தேயிலைப் பெட்டிப் பலகையால் அடித்த சின்னப் பெட்டி அது. பலகை மக்கிக் கறுப்பாகக் கிடந்தது. நான்கு ஆணி கிடைத்தது. வேதமுத்து குழிக்குள் இறங்கி உட்கார்ந்து மண்ணைக் கையாலேயே விலக்கினார். சலிக்கிற மாதிரி விரலிடுக்கில் விட்டுப் பார்த்தார். எலும்பு இல்லை. ஒரு பல்கூட இல்லை, அந்த வயசுக்குப் பல் ஏது. கடைசியில் பொன்னியம்மா கட்டிய கறுப்புமணி கிடைத்தது. நூலில் கோத்தபடி, முடிச்சு அவிழாமல், சின்ன வளையமாகக் கிடந்தது. உள்ளே மணிக்கட்டு இல்லை.

துலுக்கானம் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "நூலு அப்டியே கீதே" என்றார்.

"ஏரி மண்ணு. பிஞ்சு எலும்பு. துன்னுடுச்சு."

"எலும்பத் துன்ற மண்ணு நூல வுட்டுடுமா?"

"எத்த துன்னணும் எத்த வெக்கணும்னு உன்னாண்ட கேட்டுகினா துன்னும்?" என்று வேதமுத்து சீறினார். அவசரமாக மண்ணைத் தள்ளி மூடப் பார்த்தார். அண்ணாந்தபோது தாமதமாகிவிட்டது. அவள் பார்த்துவிட்டிருந்தாள்.

கயிறு இறங்கி வந்தது. நுனியில் தூக்குச்சட்டி கட்டியிருந்தது, கழுவித் துடைத்து. அதற்குள் சீப்பும், மடித்த மாற்றுப் புடவையும் இருந்தன. குடையும் வந்தது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கையோடு போன துடைப்பமும் வந்தது, குச்சி தேயாமல். கடைசியாகக் கயிறே முழுசாக வந்து அவர் காலடியில் சுருண்டு விழுந்தது. காற்று கொஞ்சமும் இல்லை. ஆகவே அவள் சொன்னது தெளிவாகவே கேட்டது. உறவுக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டுக் கிளம்புகிறவளைப்போல, "வரேன்யா" என்றாள்.

"சாராளு! அங்க யாரும் இல்லமே! மண்ணு துன்னுடுச்சு, அவ்ளோதான்! எறங்கு!" என்று வேதமுத்து குழிக்குள் நின்றபடி கத்தினார். அதற்குள் அவள் கோயில் சிலுவை அளவுக்குச் சின்னதாகி, காக்கை அளவுக்குச் சின்னதாகிவிட்டிருந்தாள். அவசரமில்லாமல்தான் போனாள். எந்தச் சங்கும் ஊதவில்லை. துலுக்கானம் தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்த ஒன்றிரண்டு பேர் கையில் பிரியாணி வாசனையோடு நின்று பார்த்தார்கள். கொஞ்சநேரத்தில் பார்க்க எதுவும் இல்லை.

ரேஷன் கடையில் அவள் பேருக்கு நேரே வெளியூர் சென்றார் என்று எழுதிக் கோடு போட்டார்கள். சபையார் குழியை மூடவிடவில்லை. சுற்றி நான்கு மூங்கில் நட்டுக் கயிறு கட்டினார்கள். போதகர் தேவாசீருக்கும் இப்போது வயசாகிவிட்டது. புதுவருஷத்துக்கு மறுநாள் காலையில் வேதமுத்து அங்கே வந்தபோது அவர் சபையாரோடு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். பதின்மூன்று வருஷமாக அவர்கள் பேசியதில்லை.

"கண்ணால பார்த்தவர் நீங்கதான். ஞாயிற்றுக்கிழமை சபையில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. வருவேன்னு ஆண்டவர் சொன்னது வீண்போகலைன்னு" என்று போதகர் கும்பிட்டுக் கேட்டார்.

வேதமுத்து குழியைப் பார்த்தார். எலி ஒன்று தோண்டிய பொந்து ஓரத்தில் இருந்தது. சட்டைப் பையில் கையை விட்டுக் கறுப்புமணியைத் தொட்டுக்கொண்டார், எடுக்கவில்லை.

"போறவங்க எல்லாம் வரேன்னு சொல்லிட்டுத்தான் போறாங்க" என்றார். "இது ஏரி மண்ணுய்யா. குழிய மூடுங்க, மாடு கீடு வுழுந்துடப்போவுது."

சொல்லிவிட்டுத் திரும்பி நெடுஞ்சாலைப் பக்கம் நடந்தார். எட்டு மணி ஆகி, சங்கு ஒலித்தது. சின்னசாமி அறுபது நொடியும் ஊதினார். பின்னால் சபையார் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வேதமுத்து பார்க்கவில்லை. சாலையில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி, செருப்பில் ஒட்டிய மண்ணை ஒரு கல்லில் தேய்த்துவிட்டு, மேலே நடந்தார்.